பதினைந்து பேர் வேண்டாம், மூன்று பேர் போதும்

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாண நகருக்குக் கிட்ட உள்ள ஒரு கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கத்தில் பதினைந்து பேர் இருக்கிறீர்கள். இந்த நத்தாருக்கு ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய், பாட்டு, நாடகம், பரிசு, இரவுச் சாப்பாடு என்று ஒரு நாள் செலவழிக்க விருப்பம். அதற்குப் பிறகும் தொடர்ந்து ஏதாவது செய்யும் எண்ணம் இருக்கிறது. எப்படித் தொடங்குவது, யாரிடம் அனுமதி எடுப்பது, நத்தார் நாளில் இரண்டு மூன்று பிள்ளைகளை உங்கள் வீடுகளுக்குக் கூட்டிவந்து வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் உங்களுக்கு உடனே பிடிக்காது. டிசம்பரில் போகாதீர்கள். தை மாதம் தொடங்குங்கள். அதுவும் மூன்று பேர் மட்டும் போங்கள். மிச்சப் பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் சபையில் இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். நாங்களும் உங்களைப் போலத்தான் தொடங்கினோம். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை ஒரு வான் பிடித்து, கேக், கீபோர்ட், ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு இல்லத்துக்குப் போனோம். பிள்ளைகள் வரிசையாக இருந்து வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். எங்கள் நாடகத்துக்குச் சிரித்தார்கள். கேக்கைக் கொடுத்தபோது பத்து வயதுப் பெடியன் ஒருவன் பக்கத்திலிருந்த சின்னவனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "முழுக்கச் சாப்பிடாத, பின்னேரம் இன்னொரு குறூப் வருது." அன்று நாங்கள் இரண்டாவது ஆட்கள். காலையில் வந்தவர்களும் கேக்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒலிபெருக்கிப் பெட்டியை மறந்து அங்கேயே விட்டுவிட்டோம். அதை எடுக்கத் தை நடுப்பகுதியில் நான் தனியே போனேன். பாடசாலை முதலாம் தவணை தொடங்கியிருந்தது. நத்தாருக்குப் பிறகு வெளியாட்கள் எவரும் அந்தப் பக்கம் வரவில்லை. படிப்பு மேசையில் அதே பெடியன் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பெட்டி எடுக்கப் போன மனிதன் இருட்டிய பிறகுதான் வெளிக்கிட்டேன். போகும்போது அவன், "அங்கிள், நாளைக்கும் வருவீங்களோ?" என்று கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். அது எனக்குச் சுட்டது. அடுத்த செவ்வாய் போனேன், அதற்கடுத்த செவ்வாயும் போனேன். அப்படித்தான் தொடங்கியது.

இந்த "வந்து போகிற" பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யும் தீங்கு இது. நாம் போனவுடன் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும், மடியில் ஏறி இருக்கும். "எவ்வளவு பாசமான பிள்ளை" என்று நெகிழ்ந்துபோகிறோம். சொந்த வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் என்ன செய்யும்? தாயின் பின்னால் ஒளியும். கண்டவரிடமெல்லாம் ஓடுவது, ஒட்டிக்கொள்ள ஒரு நிலையான ஆள் கிடைக்காத பிள்ளைகளில் காணப்படும் அறிகுறி என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951இலேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், குழந்தைக்கு உணவு, உடைபோலவே ஒரு நிரந்தரமான ஆளின் அன்பான உறவும் தேவை என்று அழுத்தமாகச் சொன்னார். 2000ஆம் ஆண்டில் ருமேனியாவின் புக்கரெஸ்ற் நகரத்தில் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைத் தெரிவுசெய்து, சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பல விதத்தில் முன்னேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாக. 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமொன்று, அநாதை இல்லங்களில் தொண்டு செய்யப் போகும் திட்டங்களால் வரும் தீங்கையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சுற்றுலாவோடு சேர்ந்த தொண்டைப் பற்றியது. ஆனால் ஒரு பிள்ளையின் நெஞ்சுக்கு, லண்டனிலிருந்து வந்து இரண்டு கிழமையில் போன அக்காவும் நல்லூரிலிருந்து வந்து இரண்டு சனிக்கிழமையோடு நின்றுபோன அக்காவும் ஒன்றுதான்.

அப்படியென்றால் போகவே கூடாதா? போகலாம். ஆனால் அன்பு காட்டும் வேலையை அங்கேயே தங்கியிருப்பவர்களிடம் விட்டுவிட்டு, அவர்களுடைய மற்ற வேலைகளில் சிலவற்றை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்தாறு வருடம் எடுத்தது. இல்லத்தில் தங்கிப் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு மேற்றன், இருபது பெண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளன எழும்பித் தேங்காய் திருவி, புட்டு அவித்து, உடுப்புத் தோய்த்து, கணக்குக் கொப்பி எழுதி முடிக்கும்போது ஒரு பிள்ளையின் தலையை ஆறுதலாக இழுத்துக் கட்டிவிட அவருக்கு எங்கே நேரம்? நாம் போய் அந்தத் தலையை இழுத்துக் கட்டி, படம் எடுத்து, திரும்பி வந்துவிடுகிறோம். அவர் பின்னால் குசினியில் நிற்கிறார். இதை மாற்றிப் போடுங்கள். குசினி வேலையை நீங்கள் செய்யுங்கள், பிள்ளையின் தலை அவர் கையில் இருக்கட்டும். அடுத்த வருடமும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்தான்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் இருவர் இப்படித்தான் வருடக்கணக்கில் போகிறார்கள். ஒருவர் தையல் மெஷினோடு போவார். பொத்தான் கழன்ற சட்டை, அளவு போதாமல் போன சீருடை, கிழிந்த பாடசாலைப் பை எல்லாம் அவருக்குக் காத்திருக்கும். பிள்ளைகளோடு அவர் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் மெஷின் சத்தம் கேட்டால் வளர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே வந்து பக்கத்தில் குந்தியிருந்து கதை சொல்லத் தொடங்குவார்கள். நாடகம் போட்ட அந்த வருடத்தில் எங்களிடம் எந்தப் பிள்ளையும் ஒரு கதையும் சொல்லவில்லை.

படிப்பிப்பது நல்ல வேலை, ஆனால் எல்லோரும் தரம் 5 புலமைப்பரிசிலுக்கும் ஓ.எல் (சாதாரண தரப்) பரீட்சைக்குமே ஓடுகிறார்கள். உண்மையில் பிள்ளைகள் விழுவது ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில். இடம்பெயர்ந்தோ வீட்டுப் பிரச்சினையாலோ இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும், வகுத்தல் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். ஒரு ஆள், ஒவ்வொரு கிழமையும் அதே நாள், அதே மேசை, இரண்டு பிள்ளைகள். இதற்கு மேல் வேண்டாம். வர முடியாத கிழமை வந்தால் முதலே போன் எடுத்துப் பிள்ளையிடமே சொல்லுங்கள். விடப்போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முந்திச் சொல்லி, முறையாக விடைபெற்றுப் போங்கள். சொல்லாமல் காணாமல் போன ஆட்களைப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இனிச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் ஆண்டுத்திவசம், பிறந்தநாள், கலியாண நாள் எல்லாவற்றுக்கும் இல்லத்துக்கு ஒரு நாள் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் நன்றாக ஊறிவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வரும், இங்குள்ள சொந்தக்காரர் ஒழுங்கு செய்வார்கள். இதை நான் குறைசொல்லவில்லை, பல இல்லங்களின் அடுப்பு எரிவதே இதனால்தான். ஆனால் மாலை போட்ட யாரோ ஒரு பாட்டியின் படத்துக்கு முன் நாற்பது பிள்ளைகள் கைகூப்பி நிற்பதையும், ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு வீடியோ அழைப்பில் பிறந்தநாள் பாட்டுப் பாடுவதையும் பார்த்திருக்கிறேன். சோற்றுக்குக் கூலியாகப் பாடுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை. காசைக் கொடுத்துவிட்டு, வழக்கமான சாப்பாட்டையே சமைக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரு பொரியல் கூட. இன்னொன்று: டிசம்பரிலும் ஒக்ரோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்திலும் எல்லோரும் கொடுக்கிறார்கள். பெப்ரவரியில் எவரும் இல்லை. உங்கள் பன்னிரண்டு பேரில் நாலு பேர், ஆள் வராத மாதங்களுக்குக் காசு சேர்க்கும் வேலையை எடுங்கள். தண்ணீர் மோட்டர் திருத்த, மின்சாரக் கட்டணம் கட்ட, மேற்றனின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்ட. மோட்டரைத் திருத்தினால் நன்றிப் படம் எடுக்க ஏலாது, அது ஒரு நன்மை.

படம் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி என்ற உயர்கல்வி நிலையம், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் படிப்பும் கொடுத்தார்கள். செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. தமிழறிஞர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, தமிழில் அட்சரகணித நூல் எழுதிய கரோல் விசுவநாதபிள்ளை என்று நாம் இன்றும் சொல்லும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்தது. அவர்கள் பெற்ற கல்வியால் யாழ்ப்பாணமே பயன்பெற்றது, அதில் சந்தேகமில்லை (ஒரு கணித வாத்தியாராக எனக்குக் கரோல் மேல் தனி மரியாதை). ஆனால் கொடுத்தவரின் அடையாளம் பிள்ளையின் மேல் ஏறியது. இன்றைக்கு ஒருவரும் பெயரை மாற்றுவதில்லை. சபையின் பெயர் அச்சடித்த ரீசேர்ட்டைப் போடவிட்டு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். நீதிமன்ற வழக்கோடு தொடர்புபட்டு இல்லத்துக்கு வந்த பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கக்கூடும், யாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்களோ அவரே அந்தப் படத்தைப் பார்க்கவும் கூடும். படம் வேண்டாம். விதிவிலக்கும் வேண்டாம்.

சமயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ இல்லங்களில் சைவப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 20ஆவது பிரிவு, குடும்பத்துக்கு வெளியே வளரும் பிள்ளையின் சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணி தொடர்வதைக் கருத்தில் எடுக்கச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நியாயத்தைப் பாருங்கள். சாப்பாடும் படுக்கையும் கொடுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை "எனக்கு ஜெபம் வேண்டாம்" என்று சொல்லுமா? சொல்ல முடியாதவரிடம் கேட்பதை அழைப்பு என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர், சிவராத்திரிக்குச் சைவப் பிள்ளைகளை முழிப்பிருக்கவிட்டுத் தானும் தேத்தண்ணியோடு கூட இருந்தவர். தெல்லிப்பழை துர்க்கையம்மன் கோயிலில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், இந்தச் சேவை எங்கள் சபைகளுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தும் இல்லை.

அனுமதி விஷயம். எங்கள் மாகாணத்தில் இல்லங்களைப் பதிவதும் மேற்பார்ப்பதும் வடமாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம். இல்லம் பதியப்பட்டதா என்று முதலில் கேளுங்கள், பதியாத இடமென்றால் காலடி வைக்க வேண்டாம். பிறகு இல்லப் பொறுப்பாளரோடு கதைத்து, அந்தத் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்தி, யார், எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போகும் மூவரும் கிராம அலுவலரின் நற்சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ் இரண்டையும் எடுங்கள். "நீங்கள் கோயில் ஆட்கள்தானே, அதெல்லாம் எதற்கு" என்று பொறுப்பாளரே சொல்வார். அப்போதும் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்ய நினைப்பவன் முதலில் தேடுவது "எங்கட ஆள்" என்ற பெயரைத்தான். அது கிடைப்பதற்குச் சபையைப் போல வசதியான இடம் வேறில்லை. ஒரு பிள்ளையோடு தனியே அறையில் இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனியாகப் பரிசு, போன் இலக்கம், இரகசியம் எதுவும் கூடாது. ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் விசாரணை நடத்தாமல் கேளுங்கள், "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. குற்றம் சபையின் ஆள் மேலோ இல்லத்தின் ஆள் மேலோ என்றாலும் முதலில் அதற்குத்தான் எடுக்க வேண்டும், போதகரிடம் போவது அதற்குப் பிறகு. நான் இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை நாங்கள் "உள்ளுக்குள் தீர்ப்போம்" என்று மூன்று கிழமை இழுத்தடித்தோம். அந்த மூன்று கிழமையும் பிள்ளை அதே கட்டடத்தில்தான் படுத்தது.

சரி, மிச்சம் எட்டுப் பேர். இவர்களின் வேலைதான் என் கணக்கில் பெரியது.

இல்லத்திலிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். "அநாதைப் பிள்ளைகள்" என்று மேடையில் சொல்லாதீர்கள், அவர்கள் வீட்டில் நடந்தது வேறு. தகப்பன் இல்லை, தாய் கூலி வேலைக்குப் போகிறார். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் தூரம். குடி. இரண்டாம் கலியாணம். இதில் பாதிக்கு மேல் காசோடும் ஆளுதவியோடும் தொடர்புள்ளவை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தாய் பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் வந்து பிள்ளையைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவது ஆறு மாதமாகும், பிறகு தவணை விடுமுறைக்குக்கூடக் கூப்பிடாமல் விடுவார். பிள்ளை "அம்மாவுக்கு என்னில விருப்பமில்லை" என்று முடிவெடுத்துவிடும்.

நாங்கள் ஐந்து தாய்மாருக்கு மாதம் ஒரு தடவை பஸ் காசும் அந்த நாள் கூலியும் கொடுக்கத் தொடங்கினோம். வேறொன்றும் செய்யவில்லை. ஒன்றரை வருடத்தில் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நாங்கள் அனுப்பவில்லை, அந்த அதிகாரம் எங்களுக்கில்லை. தாய் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் தானே போய்க் கேட்டார், அவர்கள் வீட்டைப் பார்த்து, ஒழுங்கு செய்து அனுப்பினார்கள். அந்த ஊர்ச் சபைக்கு நாங்கள் ஒரு போன் எடுத்தோம், அங்குள்ள ஒரு அன்ரி பின்னேரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். சபைகளுக்கு ஊருக்கூர் ஆட்கள் இருப்பதன் பிரயோசனம் இதுதான். ஒரு தனி நிறுவனம் இதைக் கட்டியெழுப்ப எவ்வளவு செலவழிக்க வேண்டும்! ஆகவே அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் தாய்மாரின் பயணத்தைப் பாருங்கள். முதலில் பொறுப்பாளரிடமும் உத்தியோகத்தரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும், சில பிள்ளைகளுக்கு வீட்டார் வருவதே ஆபத்து.

மீதி மூன்று பேர் கந்தோர் வேலை பழகிய ஆட்களாக இருக்கட்டும். போரில் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் எத்தனை! பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, ஓ.எல் எழுதும் வயதில் அடையாள அட்டை வேண்டும். ஒரு பிள்ளைக்காகப் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை ஏறி இறங்க மேற்றனால் ஏலாது, உங்களால் ஏலும். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியே போகும் பிள்ளைக்குக் கையில் இருக்க வேண்டியதும் இந்தத் தாள்கள்தான். அத்தோடு வேலை விண்ணப்பத்தில் எழுத ஒரு முகவரி, காய்ச்சல் வந்தால் போன் எடுக்க ஓர் ஆள். பெட்டி எடுக்கப் போன அன்று கண்ட பெடியன் இப்போது மின்னிணைப்பு வேலை செய்கிறான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குவதற்கு முன் இரவு பத்து மணிக்கு எனக்கு போன் எடுத்து, "அங்கிள், இந்த விலைக்கு எடுக்கலாமோ?" என்று கேட்டான். எனக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அரை மணித்தியாலம் கதைத்தோம்.

கடைசியாக, நத்தாருக்குப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிவருவது. வேண்டாம், தம்பி. நன்னடத்தை உத்தியோகத்தரின் அனுமதியில்லாமல் பொறுப்பாளராலும் அனுப்ப ஏலாது, அது ஒரு பக்கம். இரண்டு பிள்ளைகளைத் தெரிவுசெய்து கூட்டிப்போனால் மிச்சப் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் நின்று பார்ப்பார்கள். போன இரண்டு பேரும் உங்கள் வீட்டு மரம், உங்கள் அம்மா, உங்கள் சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 26ஆம் திகதி திரும்பி வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்குச் சொந்த வீட்டுக்குப் போக முடிந்த பிள்ளைகளை அனுப்புவதற்கான பஸ் காசைக் கொடுங்கள். போக இடமில்லாத பிள்ளைகளோடு இருக்கிற மேற்றனுக்கு ஒரு நல்ல சீலை எடுத்துக் கொடுங்கள், அவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

தையில் முதல் சனிக்கிழமை போகும்போது மூன்று பேரும் வெறுங்கையோடு போங்கள். நேரே குசினிக்குப் போய், "அக்கா, என்ன வேலை இருக்கு?" என்று கேளுங்கள். "ஒண்டுமில்லைத் தம்பி, இருங்கோ, தேத்தண்ணி தாறன்" என்பார். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் கிழமையும் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ தேங்காய் திருவும் திருவலையை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்.